நான் கொன்ற ஒரே கொம்பியூட்டர்

“தவம் அண்ணன், உங்கட சேவிஸ்ல எத்தின கொம்பியூட்டரச் சாகடிச்சிருக்கீங்க?”

கராஜ்காரரின் வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்வி இது. கேட்டவன் ஏறாவூரில் கார் டியூனிங் செய்கிறவன். கேள்விக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றையும் போட்டிருந்தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது மட்டக்களப்புக் கராஜ்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறான். நான் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. இன்னும் என்னைக் கிளறிப் பார்ப்பதில் இவர்களுக்கு ஒரு சந்தோசம்.

“ஒண்டு” என்று பதில் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. “ஒரு நாளைக்கா அண்ணன்?” என்று இன்னொருவன் கேட்டான். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொழில் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இப்போதைய கார்களில் எஞ்சினுக்கென்று ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. அரை இறாத்தல் பாண் ரொட்டி அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் விட வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி போட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. அதற்குள்ளே பட்டியல் பட்டியலாக எண்கள் இருக்கும். அந்த எண்களை லப்டொப்பில் வாசித்தெடுத்து, காருக்கும் ஓட்டுகிறவருக்கும் ஏற்ற மாதிரி மாற்றி, திரும்பப் பெட்டிக்குள் எழுதுவதுதான் எங்கள் வேலை. வாசிக்கும்போது என்ன நடந்தாலும் பாதகமில்லை. எழுதும்போது நடுவில் அறுந்தால் பெட்டிக்குள் பழையதும் முழுதாக இராது, புதியதும் முழுதாக இராது. கார் கல்லு மாதிரி நிற்கும். அதைத்தான் நாங்கள் சாகடிக்கிறது என்போம்.

இப்போது மாற்றிய ஃபைல் வெளிநாட்டிலிருந்து போனுக்கே வருகிறது. ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் மூன்று நாள் மண்டையை உடைத்துச் செய்ததை நீங்கள் அரை மணித்தியாலத்தில் செய்கிறீர்கள், செய்யுங்கள். ஆனால் எனக்கு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

நான் வந்தாறுமூலை ஆள். கட்டாருக்குக் கார் வயரிங் வேலைக்குப் போனேன். போன இடத்தில் பாலைவன மணலில் கார் ஓட்டும் பைத்தியங்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எஞ்சின் கொம்பியூட்டர் எழுதிக் கொடுக்கும் கராஜ் ஒன்றில் பதினொரு வருடம் நின்றேன். அதை எழுதப் போனால் தனிப் புத்தகம் வரும், விடுவோம். நாட்டில் சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எனக்கு நாற்பத்துநாலு வயது. கையில் தொழில் இருந்தது. அந்தத் தொழிலைச் செய்ய மட்டக்களப்பில் வாவிக்கரையில் ஒரே ஒரு கராஜ் இருந்தது.

அதன் முதலாளி காத்தான்குடி ரிஸ்வான், என்னைவிடப் பத்து வயது இளையவர். சேர்ந்த முதல் நாள் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் “முதலாளி” என்றேன். “முதலாளி வாணாம் அண்ணன், தம்பி எண்டே கூப்பிடுங்க,” என்றார். அன்றிலிருந்து நான் தம்பி என்றேன், அவர் அண்ணன் என்றார். ஆனால் யார் முதலாளி என்பதில் கடைசிவரைக்கும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். யாராவது பிழை விட்டால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் வருவார். “அண்ணன், ஒரு சின்ன விசயம்,” என்பார். அந்த நாலு சொல்லைக் கேட்டாலே நான் கையிலிருக்கும் சாமானைக் கீழே வைத்துவிடுவேன். நானோ ஒரு நட் கழலவில்லை என்றால் அதைச் செய்தவனின் பரம்பரையையே ஏசுகிறவன். என்னை ஏசாமலே அடக்கி வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

எழுதுவதற்கு அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் காரின் மூல ஃபைலை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, கடைசி எண் வரைக்கும் ஒன்றுபோல இருந்தால்தான் சேமிக்கலாம். பிறகு பெட்டரிக்குச் சார்ஜர் கொழுவ வேண்டும். ஏசி, ரேடியோ, லைட் எல்லாம் நிற்பாட்ட வேண்டும். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, அதற்குள்ளால் வயரை வெளியே எடுத்து, லப்டொப்பை வெளியில் ஒரு ஸ்டூலில் வைக்க வேண்டும். காரின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் கரண்ட் மட்டும் வரும் இடத்துக்குத் திருப்பிவிட்டு, மற்றத் திறப்பால் கதவுகளை வெளியே இருந்து பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு எழுத்து முடியும் வரைக்கும் ஒருவரும் காரைத் தொடக்கூடாது. பெரும்பாலான கார்களுக்குப் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் ரிஸ்வான் கார்க் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார், பேசமாட்டார். ஒருநாள் அவருடைய மாமனார் வந்தார். ரிஸ்வான் கையைக் காட்டினார், மாமனார் வாசலில் வெயிலில் நின்றார்.

எனக்கு அது கொஞ்சம் கூடிப்போனதாகவே பட்டது. கட்டாரில் நாங்கள் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். “தம்பி, கதவப் பூட்டினாத்தான் எழுதுமா?” என்று ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“பூட்டாட்டியும் எழுதும் அண்ணன். எங்கட ஆக்கள் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பூட்டு,” என்றார்.

சேர்ந்த இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் பெயர் வெளியே போயிற்று. கரடியனாற்றிலிருந்து ஒரு விவசாயி தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். மாரியில் வயல் வட்டைக்குள் இறங்கினால் சேற்றில் எஞ்சின் இழுக்க யோசிக்கிறது என்றார். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும் மாதிரி இழுவையைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சட்டி தயிரோடு வந்து நின்றார். “இப்ப எருமை மாதிரி இழுக்குது தம்பி,” என்றார். கரடியனாற்றில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஓட்டமாவடியிலிருந்து வந்த இன்னொருவர், சைலன்சரில் வெடிச் சத்தமும் நெருப்பும் வரவேண்டும், அப்படி எழுதுங்கள் என்றார். ரிஸ்வான் கையைத் துடைத்துக்கொண்டு போனார். “ஒரு சின்ன விசயம். வெடி வேணுமெண்டா வெடிக் கடைக்கிப் போங்க. இது கராஜ்,” என்றார்.

வதனி வந்தது ஒரு சித்திரை மாதத்தில்.

வாழைச்சேனைப் பிள்ளை, இருபத்தாறு வயது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பூரணம் அக்கா துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிறவ. மாமன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய ஜப்பான் டேர்போ கார் ஒன்று வீட்டில் நின்றது. அந்தக் காரைக் கொண்டுபோய்க் கிரவல் மண்பாதைப் போட்டிகளில் ஓடி, ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் வந்து பெயர் எடுத்திருந்தாள். டேர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாமான். அது இருந்தால் சின்ன எஞ்சினும் பெரிய வேலை செய்யும்.

கொழும்பில் ஒரு ரேஸ் அணி, தங்களுடைய இரண்டாவது காருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. மாதச் சம்பளத்துக்குக் கார் ஓட்டும் வேலை. அந்த அணியின் மனேஜர் வதனியிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தார். கரடியனாற்றுப் பக்கம் நடக்கும் புத்தாண்டுப் போட்டிக்கு நான் வருவேன், ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு செக்கனுக்குள் ஓடிக் காட்டினால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று. அந்தப் பாதையில் அவள் அதுவரைக்கும் ஓடிய நல்ல நேரம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு.

“எனக்கு இது ஒருக்காத்தான் கிடைக்கும் அண்ணன். இதுக்குப் பிறகு ஆரும் வாழைச்சேனைக்கு வந்து என்னைக் கேக்கமாட்டாங்க,” என்றாள். கெஞ்சவில்லை. பெற்றோல் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

போனட்டைத் திறந்து வைத்து எஞ்சினை உறுமவிட்டுக் கேட்டேன். தகரத்தில் பாக்கு விழுகிற மாதிரி டிக் டிக்கென்று ஒரு தட்டு. யாரோ இணையத்தில் எடுத்த ஃபைல் ஒன்றை அப்படியே ஏற்றியிருந்தார்கள். அது வெளிநாட்டுப் பெற்றோலுக்கு எழுதியது. எங்கள் பெற்றோலில் அது நேரத்துக்கு முன்னமே வெடித்துப் பிஸ்டனைத் தட்டுகிறது. தட்டுகிறதென்று தெரிந்ததும் கொம்பியூட்டர் பயந்து தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கிறது. பலம் கூட்டுகிறேன் என்று பலத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். செய்தவனை வாயில் வந்தபடி ஏசினேன். வதனி தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான் அண்ணன் ஏத்தினது,” என்றாள்.

மூன்று நாள், வாவிக்கரைப் பக்கத்து ஆளில்லாத நேர் வீதியில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தேன். கட்டாரில் பெரிய பெரிய ஓட்டக்காரரோடு உட்கார்ந்தவன் நான். இவள் கியர் மாற்றுவது எனக்குத் தெரிவதேயில்லை, சத்தத்தில்தான் தெரியும். இந்தப் பிள்ளைக்கு இந்த இடம் கிடைக்காவிட்டால் அநியாயம் என்று மூன்றாம் நாள் நினைத்தேன். எங்கள் பெற்றோலுக்கும் எங்கள் வெக்கைக்கும் ஏற்ற மாதிரி எல்லா எண்களையும் முதலிலிருந்து போட்டு, ஒரு ஃபைல் தயார் செய்தேன். அதைப் பெட்டிக்குள் எழுதுவது மட்டும்தான் மிச்சம். போட்டி ஞாயிற்றுக்கிழமை. எழுத வைத்த நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளி காலையில் மூல ஃபைலை இரண்டு தரம் வாசித்து, ஒப்பிட்டு, சேமித்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு ரிஸ்வான் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்டார். “அண்ணன், இந்தக் காருக்கு ஒரு திறப்புத்தான் இரிக்கி. மற்றது அந்தப் புள்ளட மாமன்கிட்டப் போயிட்டு. கதவப் பூட்ட ஏலா. நான் வந்தாப் பிறகு எழுதுவோம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். “சரி தம்பி” என்றேன்.

அவர் போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை, பூரணம் அக்கா வதனியையும் கூட்டிக்கொண்டு பூசைத் தட்டோடு வந்தா. கற்பூரம், தேசிக்காய், வெற்றிலை, வாழைப்பழம், சித்தாண்டி முருகன் கோயில் திருநீறு.

“தம்பி, ராகு காலம் முடிஞ்சிட்டு. பன்னிரண்டே முக்காலுக்குள்ள எழுதி முடிச்சிரோணும். அதுக்குப் பிறகு நல்ல நேரம் இல்ல. நேந்துக்கிட்டு வந்திருக்கன்.”

“அவர் வரட்டும் அக்கா.”

“அவர் வர ஒரு மணியாகும். என்ட புள்ளட காரியம் தம்பி இது.”

எனக்கும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. கட்டாரில் எத்தனை கார் எழுதியவன், எனக்கென்ன காவல் என்று. சார்ஜரைக் கொழுவினேன். திறப்பைத் திருப்பினேன். பன்னிரண்டே காலுக்கு எழுதத் தொடங்கினேன்.

அக்கா காரின் முன்னால் நின்று போனட்டில் மூன்று பொட்டு வைத்தா. வெளியில்தானே செய்கிறா, செய்யட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணை லப்டொப்பில் வைத்திருந்தேன். திரையில் எழுத்தின் கோடு நூற்றுக்கு நாற்பது வீதம், ஐம்பது வீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. புது வாகனம் எடுத்தாலும் பழைய வாகனம் திருத்தினாலும், திறப்பைத் தட்டில் வெற்றிலைக்கு மேல் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் எங்கள் ஆட்கள் ஓட்டத் தொடங்குவார்கள். என் சைக்கிள் பூட்டின் திறப்புக்குக்கூட என் அம்மா கற்பூரம் காட்டியிருக்கிறா.

“திறப்பத் தட்டில வைக்கவா தம்பி?” என்று ஒரு குரல் கேட்டது.

“ஓம் அக்கா, வையுங்க,” என்றது என் வாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் சொல்லவில்லை, என் பழக்கம் சொன்னது. கதவு திறந்த சத்தம் கேட்டது. அறுபத்தெட்டு வீதத்தில் கோடு நின்றது. தொடர்பு இல்லை என்று திரையில் சிவப்பில் வந்தது. நான் நிமிர்ந்தபோது அக்கா தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறா. வெற்றிலைக்கு மேல் திறப்பு இருக்கிறது, கற்பூரம் எரிகிறது, முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

திறப்பைப் பறித்துப் போட்டுத் திருப்பினேன். ஒரு லைட்டும் வரவில்லை. மூன்று தரம் திருப்பினேன். வதனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன அண்ணன்?” என்றாள். நான் நாலாவது தரமும் திறப்பைத் திருப்பினேன். அதிலிருந்தே அவள் விளங்கிக்கொண்டாள். போய்ச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

“என்னகா நடந்தது?” என்று அக்கா மகளைக் கேட்டா.

“கார் செத்துப்போயிட்டும்மா.”

அக்கா தட்டை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு விம்மத் தொடங்கினா. “நான்தான்டி உன்ட வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டன்,” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து விழுங்கிவிட்டால் நல்லதென்று இருந்தது. பிழை அவவுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். அவ கேட்டுவிட்டுத்தான் எடுத்தா.

ரிஸ்வான் ஒரு மணிக்கு வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மடித்துப் பொக்கெட்டில் வைத்தார். “ஒழுங்கில சொல்லுங்க அண்ணன்,” என்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், “ஓம் அக்கா” என்றதையும் சொன்னேன். “ஒரு சின்ன விசயம்” வரப்போகிறதென்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூல ஃபைல் ரெண்டு தரம் வாசிச்சீங்களா?”

“வாசிச்சன் தம்பி.”

“ஒண்டுபோல இருந்திச்சா?”

“ஓம்.”

“அப்ப பாப்பம்,” என்றார். பிறகு பூரணம் அக்காவுக்கு முன்னால் போய்க் குந்தினார். “அம்மா, அழாதீங்க. நீங்க திறப்பத்தான் எடுத்தீங்க. எடுக்க உட்டது நாங்க.”

நாங்கள் என்று அவர் சொன்னது என்னைச் சுட்டது. அவர் அந்த நேரம் பள்ளிவாசலில் இருந்தவர்.

காரின் பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தோம். அதன் மூடியைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கத்தியால் வெட்டினால் உள்ளே இருக்கும் மின் தகடு கீறல் பட்டுவிடும். வாவியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு முழம் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், வாங்கி வந்தேன். சூடு காட்டிப் பசையை இளக்கி, தங்கூசியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, மரம் அரிவது போல அரிந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே தகட்டில் கடுகளவு புள்ளி ஒன்று இருக்கும். அதை ஊசியால் தொட்டு எர்த் என்னும் நிலக் கம்பியோடு சேர்த்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால், பெட்டி தன் நினைவு இல்லாமலே கண் விழித்து, சொல்வதை எழுதிக்கொள்ளும். எந்தப் புள்ளி என்பதுதான் கேள்வி. இந்த மொடலுக்கு எங்களிடம் படம் இல்லை. இதற்குப் பக்கத்து மொடலின் படத்தை வைத்துப் பார்த்ததில் மூன்று புள்ளிகளில் சந்தேகம் வந்தது. பிழையான புள்ளியில் கரண்ட் போனால் தகடு கருகும். அதோடு சரி.

மீற்றரை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்துபோய் அளந்தேன். மூன்றில் ஒரு புள்ளி அது இல்லை என்று அறுதியாகத் தெரிந்தபோது பள்ளிவாசலில் பின்னேரத்து அசர் பாங்கு கேட்டது. மற்ற இரண்டில் எது என்று பிடிபடவில்லை. இதுதான் என்று ஊசியை எடுத்தேன். ரிஸ்வான் என் மணிக்கட்டைப் பிடித்தார். “கண் களைச்சிட்டு அண்ணன். நாளைக்கிக் காலம்பற,” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாளைக்கெண்டா ஒரு நாள்தான் மிஞ்சும் தம்பி,” என்று கத்தினேன். அவர் ஊசியை வாங்கிச் சட்டைப் பொக்கெட்டில் குத்திக்கொண்டு கராஜைப் பூட்டினார். நல்லவேளை பூட்டினார். சனிக்கிழமை காலையில் தெளிந்த கண்ணோடு பார்த்தபோது, நான் குத்தப்போன புள்ளிக்குப் போகும் கம்பி நேரே கரண்ட் வரும் பக்கத்துக்குப் போவது தெரிந்தது.

மிச்சம் ஒரு புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை வைத்தேன். ரிஸ்வான் கரண்ட் கொடுத்தார். லப்டொப்பில் பச்சையில் ஒரு வரி வந்தது, பெட்டியின் இலக்கம். வாய்விட்டுச் சிரித்தேன். சேமித்து வைத்த மூலத்தை முதலில் எழுதினோம். பெட்டியைக் காரில் பூட்டித் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பூரணம் அக்கா கும்பிட்டது முருகனையா எங்களையா என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டா. பிறகு என்னுடைய ஃபைலை எழுதினோம். ரிஸ்வான் ட்ரைவர் சீட்டில் இருந்து, பதினொரு நிமிடமும் திறப்பின் மேல் கையை வைத்திருந்தார்.

உயிர் வந்த பெட்டியை ஏன் செத்த கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று கேட்பீர்கள். இருபது மணித்தியாலத்துக்கு மேல் அது செத்துத்தான் கிடந்தது. அந்த இருபது மணித்தியாலமும் எப்படிக் கழிந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கரடியனாற்றில் வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு காரும் தனித்தனியாக மூன்று ஓட்டம் ஓட வேண்டும், நல்ல நேரத்தை எடுப்பார்கள். முதல் ஓட்டம் ஒரு நிமிடம் ஐம்பது. இரண்டாவது நாற்பத்தொன்பதும் கொஞ்சமும். மனேஜர் கூடாரத்துக்குள் கறுப்புக் கண்ணாடியோடு இருந்து ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். வதனி காரை விட்டிறங்கி, “இதுக்கு மேல என்னால ஏலா அண்ணன். நான் ஒரு இடத்திலயும் பிரேக்க வீணா மிதிக்கல்ல,” என்றாள். அது உண்மை.

ஓட்டத்தின் பதிவை லப்டொப்பில் இழுத்துப் பார்த்தேன். கடைசி நேர்ப் பாதையில் டேர்போ தள்ளும் காற்று கொதிக்கிறது. சூடு கண்டதும் கொம்பியூட்டர் தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இடத்தில்தான் ஒன்றரை செக்கன் போகிறது. சூட்டைப் பார்க்காதே என்று கொம்பியூட்டரின் கண்ணைக் கட்டிவிடலாம். ஓடும், ஆனால் எஞ்சின் வெடித்தாலும் வெடிக்கும். வெள்ளிக்கிழமைக்கு முந்திய தவம் அதைத்தான் செய்திருப்பான். அடுத்த ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

“என்ன செய்யப் போறீங்க அண்ணன்?” என்றார் ரிஸ்வான்.

“டேர்போவக் குறைக்கப் போறன்.”

வதனி திடுக்கிட்டாள். “குறைச்சா எப்பிடி அண்ணன் கூட ஓடும்?”

“கொஞ்சம் குறைவாத் தள்ளினா காத்துச் சூடாகாது புள்ள. சூடாகாட்டித் தீப்பொறி பின்னுக்குப் போகாது. கடைசி வரைக்கும் ஒரே இழுவை இழுக்கும்.”

ரிஸ்வான் போய்ச் சார்ஜரை எடுத்துக்கொண்டு வந்து பெட்டரியில் கொழுவினார்.

“சூடா தம்பி பிரச்சினை?” என்று பின்னால் பூரணம் அக்கா கேட்டா. சோடாப் போத்தல்கள் குளிரட்டுமென்று தன் மீன்பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்திருந்தா. டேர்போக் காற்றைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் ஒன்று முன்னால் இருக்கிறது. அதைக் காட்டினேன். சோடாவை மண்ணில் எடுத்து வைத்துவிட்டு, ஐஸை உரப்பையில் கட்டி அதன் மேல் அடுக்கினா. கார் முழுக்கச் சூரை மீன் மணம் மணத்தது. பக்கத்துக் கார்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரியுங்கள் என்று விட்டுவிட்டேன்.

எண்களை மாற்றி எழுதத் தொடங்கினேன். ரிஸ்வான் உள்ளே திறப்பில் கையோடு இருந்தார். நாலாவது நிமிடத்தில், காரை வரிசைக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரு உத்தியோகத்தர் கதவைப் பிடிக்க வந்தார். பூரணம் அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றா.

“கிட்ட வராதீங்க மகன். எழுதுறாங்க. கதவத் துறந்தாச் செத்துப்போகும்.”

அந்த மனிதர் கையிலிருந்த கொடியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். நூறு வீதம் வந்தது. உரப்பைகளை இழுத்து எறிந்தோம். வதனி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்றாவது ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. திரும்பி நின்று காதால் கேட்டேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்து திரும்ப வந்த சத்தம். கடைசி நேர்ப் பாதையில் எஞ்சின் ஒரு இடத்திலும் குரல் இறங்காமல் ஒரே மூச்சில் ஏறிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: ஒரு நிமிடம் நாற்பத்தேழு செக்கன். நான் ரிஸ்வானைக் கட்டிப்பிடித்தேன். ஐம்பது வயதை நெருங்கியவன், அவ்வளவு சனத்துக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. என் தொழிலில் எனக்கு அதைவிடச் சந்தோசமான நாள் பிறகும் வந்ததில்லை.

மனேஜர் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மீன் மணத்துக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் வதனிக்குச் சொன்னார்.

“நல்லம். இடம் ஒங்களுக்குத்தான். நாளைக்கு காலைல எட்டு மணிக்கு கொழும்புல இருக்க வேணும்.”

வதனி தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் கிரவல் புழுதி. நான் அவள் “ஓம் சேர்” என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு ஏலா சேர்,” என்றாள். “என்ட வான்ல பதினாலு புள்ளயள் வேலைக்குப் போறாங்க. அதுக்கு ஒரு ஆளப் பிடிச்சுக் குடுக்கோணும். புதன் வாறன்.”

பூரணம் அக்கா மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தா. மனேஜர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கொப்பியைத் திரும்பத் திறந்து, எழுதியிருந்ததை வெட்டி, வேறொன்று எழுதினார்.

“சரி. புதன்,” என்றார்.

கொழும்பிலிருந்து நாள் குறித்து அனுப்புவார்கள், நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு போவோம். அதுவரைக்கும் நான் கண்டது அதுதான். அன்றைக்கு வதனிதான் நாள் குறித்தாள். புதன்கிழமை போனாள்.